பேபியின் டர்ன்

பேபியின் வண்டி வருவது எனக்குக் கேட்காது.

ராஜகீழ்ப்பாக்கம் முனையில் இருக்கும் கார் ஸ்டாண்டை ஒட்டி, நீலத் தார்ப்பாய்க்குக் கீழே தையல் மெஷின் போட்டிருக்கிறேன். ரோட்டுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். அப்படி உட்கார்ந்தே ஸ்டாண்டு வண்டிகளையெல்லாம் சத்தத்தில் தெரிந்துகொண்டேன். யேசுதாசன் அண்ணன் வண்டி சாவியை எடுத்த பிறகும் ஒரு தடவை உடம்பைக் குலுக்கிக்கொண்டுதான் நிற்கும். வில்பிரட் வண்டி கிளம்பும்போது இருமும், இருமியதும் கறுப்பாகப் புகை விடும். இருமல் கேட்டவுடன் தைத்துக்கொண்டிருக்கும் துணியை மடியில் போட்டு மூடிக்கொள்வேன். அன்புவின் வண்டி இருந்தவரைக்கும் அதற்கு மெல்லிய விசில். பேபி வண்டிக்கு ஒன்றும் கிடையாது. திரும்பிப் பார்த்தால் நிற்கும்.

அன்பு பேபியின் புருஷன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இந்த ஸ்டாண்டில் டீசல் கார் ஓட்டியவன். முதலில் அவன் இடுப்பு போனதா, வண்டி போனதா என்று கேட்டால், இரண்டும் சேர்ந்துதான் போயின. அதிக நேரம் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்ன அதே மாதத்தில், வண்டியின் தகுதி பார்க்கிற எஃப்.சி.க்குக் கொண்டுபோன வண்டியைப் புகை அதிகம் என்று திருப்பி அனுப்பினார்கள். சரிசெய்து கொண்டுபோனான். மறுபடியும் திருப்பி அனுப்பினார்கள். கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் டிராவல்ஸ்காரர் ஒருவர் அதற்கு முன்பெல்லாம் வாரத்தில் பாதி நாள் கூப்பிடுவார். அவரும் இனிமேல் கரண்டு வண்டி எடுத்தால் மட்டும் போன் பண்ணு என்று சொல்லிவிட்டார். ஷோரூமில் போய் அதே வண்டியைப் புதிதாகக் கேட்டான். அந்த மாடலில் இப்போது டீசலே வருவதில்லை என்று சொல்லி டீ கொடுத்தார்கள். அன்பு டீயைக் குடித்துவிட்டு வந்தான்.

வண்டியை ஆரணிப் பக்கத்து ஆள் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். அந்த ஊரில் மட்டும் எஃப்.சி. கேட்க மாட்டார்களா என்று அன்பு கேட்டதற்கு, ரோட்டில் ஓட்டினால்தானே கேட்பார்கள், நான் இன்ஜினை மட்டும் கழற்றிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போகிறேன் என்றார்.

பேபி அதுவரை காலனி வீடுகளில் சமையல் வேலை செய்துகொண்டிருந்தாள். அவளுக்கும் எனக்கும் ஒரே வயது, மாடம்பாக்கத்தில் ஒரே தெரு. அன்பு நன்றாக இருந்த காலத்திலேயே ஏரிக்கரை ரோட்டில் அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து, எப்படியோ லைசென்சும் வாங்கிக் கொடுத்திருந்தான். ஆனால் அவள் கிளட்சை விடும்போதெல்லாம் டீசல் வண்டி தூக்கிப் போட்டு நின்றுவிடும். அன்பு தலையில் அடித்துக்கொள்வான். மின்சார வண்டியில் கிளட்சே கிடையாது என்று தெரிந்த அன்று அவள் அவனிடம் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப இத்தினி நாளா தப்பு எம்மேல இல்லல்ல?"

மகளிர் குழு மூலமாக லோன் போட்டு ஒரு வெள்ளை மின்சாரக் கார் எடுத்தாள். அன்புவின் இடத்தில் அவள் வந்து நிற்க ஆரம்பித்தாள்.

ஸ்டாண்டில் ஏழு வண்டிக்குத்தான் இடம். ஏழு கட்டம் போட்டுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். உறுப்பினர் ஓட்ட முடியாமல் போனால் வீட்டில் யாராவது அந்த இடத்தில் ஓட்டலாம் என்று சட்டம் இருக்கிறது. யாராவது என்று எழுதியபோது அவர்கள் தம்பியையும் மகனையும் நினைத்து எழுதியிருக்க வேண்டும். பேபி வந்து நின்றதும் தலைவர் யேசுதாசன் அண்ணன் அந்தச் சட்டத்தை எடுத்து இரண்டு தடவை படித்தார். அதில் தடை எதுவும் இல்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. காலையில் வந்த வரிசைப்படி டர்ன். முதல் கட்டத்து வண்டி சவாரி போனதும் மற்ற வண்டிகள் ஒரு கட்டம் முன்னால் நகரும். டர்ன் வரும்போது வண்டி அங்கே இல்லை என்றால் ஆப்சென்ட். ஒரு மாதத்தில் மூன்று ஆப்சென்ட் ஆனால் இடம் காலி. காத்திருக்கிற அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஸ்டாண்டில் இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு செல்போனில் சவாரி பிடிக்கிற கம்பெனிகளுக்கு ஓட்டப் போனவர்களுக்காகப் போட்ட சட்டம் அது. டீசல் வண்டிக்காரர்களுக்கு அதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. சவாரி போகும் வழியிலேயே பங்க்கில் நிறுத்தி, பாட்டு ஒன்று முடிவதற்குள் டீசல் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

பேபி அப்படிச் செய்ய முடியாது. வீட்டில் சார்ஜ் போட ஹவுஸ் ஓனர் விடவில்லை. சாக்கடையைத் தாண்டி ஒயர் போனால் மாடு மிதித்துச் சாகும் என்றார். எங்கள் தெருவில் மாடு கிடையாது. ஆனாலும் அவர் ஹவுஸ் ஓனர். அதனால் மத்தியானம் போல சேலையூர் தாண்டிப் போய் ஒரு ஓட்டல் வாசலில் சார்ஜ் போட வேண்டும். அங்கே முன்னாலேயே ஒரு வண்டி நின்றால் அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். பக்கத்தில் அங்கேதான் அந்த வசதி இருந்தது.

வில்பிரட்டின் மச்சான் பென்னி என்று ஒருவன் டீசல் காரை வைத்துக்கொண்டு ஸ்டாண்டில் இடத்துக்காகக் காத்திருந்தான். நல்ல பையன்தான். தினமும் வந்து எதிரே டீக்கடையில் நின்று ஏழு வண்டியையும் எண்ணிவிட்டுப் போவான்.

முதல் ஆப்சென்ட் விழுந்தபோது பேபி சிரித்தாள். இரண்டாவது விழுந்தபோது சிரிக்கவில்லை. மாதம் முடிய இன்னும் பாதி இருந்தது.

வில்பிரட் அவளைச் சீண்டுவதை ஒரு வேலையாகவே வைத்திருந்தான். "பேபிக்கா, என்னாண்ட போன் சார்ஜர் கீது, குத்திப் பாக்கிறியா?" என்பான்.

"நீ வண்டிய எடுக்கசொல்ல ஒரு கொரல் குட்றா. துணி காயுது, உள்ள எட்த்துடுறோம்" என்பாள் பேபி.

காலனி ஜனங்களுக்கு அவள் வண்டியைப் பற்றி இரண்டு விதமான அபிப்பிராயம் இருந்தது. ஓய்வுபெற்ற டீச்சர் திரிபுரசுந்தரி அம்மா வீட்டில் பேபி ஆறு வருஷம் சமைத்திருக்கிறாள். அந்த அம்மாவும் அவர் கணவர் ஸ்ரீநிவாசராகவன் சாரும் ஆஸ்பத்திரிக்குப் போக அவள் வண்டியில் ஏறினார்கள். திரும்பி வந்து இறங்கியதும் அம்மா சொன்னார்:

"முன்னெல்லாம் டாக்ஸில இவர் பேசறது பாதி காதுல விழாது. இதுல எல்லாமே கேக்கறது, பேபி."

அடுத்த தடவை போன் செய்தது சார். பேபி வண்டிதான் வேண்டும் என்றார்.

மூன்றாவது வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் பல சவாரி வந்து வரிசை சீக்கிரமாக நகர்ந்துவிட்டது. மத்தியானம் பேபி இரண்டாவது கட்டத்துக்கு வந்துவிட்டாள், சார்ஜ் தீர்ந்துகொண்டிருந்தது. அவள் இறங்கி டிக்கியைத் திறந்து, ஒரு பச்சை பிளாஸ்டிக் குடத்தை எடுத்து, தன் கட்டத்துக்கு நடுவில் வைத்தாள். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போனது எனக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது குடம் நின்றது.

எங்கள் தெருக்காரர்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. எங்களுக்குக் குடிக்கிற தண்ணீர் லாரியில் வருகிறது. லாரி வரும்வரை பெண்கள் நிற்பதில்லை, குடங்கள்தான் நிற்கும். குடம் நிற்கிற இடத்தில் அந்தப் பெண் நிற்கிறாள் என்று அர்த்தம். வரிசை நகரும்போது, இல்லாதவளின் குடத்தைப் பின்னால் இருப்பவள் காலால் தள்ளி முன்னால் விடுவாள். முறை வந்தும் அவள் வரவில்லை என்றால் யாராவது பிடித்து ஓரமாக வைப்பார்கள். குடத்தைத் தாண்டி வைத்தவர்கள் எங்கள் தெருவில் ஒரே ஒரு குடும்பம். அந்தக் குடும்பம் இப்போது பெருங்களத்தூரில் இருக்கிறது.

ஆனால் ஸ்டாண்டில் இருந்தவர்கள் ஆண்கள். அவர்கள் வீட்டிலும் தண்ணீர் குடிக்கிறார்கள். அது வரிசையில் நின்று வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

முதல் வண்டி சவாரி போனது. குடத்துக்கு டர்ன் வந்தது. காமராஜபுரம் போக ஒரு குடும்பம் வந்து நின்றது. யேசுதாசன் அண்ணன் எழுந்து வந்து குடத்தைப் பார்த்தார்.

"இன்னாடா இது?"

"பேபிக்கா வெச்சிட்டுப் போய்கீதுண்ணா" என்றான் வில்பிரட். "அதுக்குப் பதிலா இது நிக்குதாம்."

"இதுல எப்டிரா நாலு பேர ஏத்தறது?"

எல்லோரும் சிரித்தார்கள். காமராஜபுரம் குடும்பமும் சிரித்தது. யேசுதாசன் அண்ணன் குடத்தைக் காலால் ஒதுக்கினார். ஒதுக்கத்தான் நினைத்தார் என்றே நான் நினைக்கிறேன். காலிக் குடத்துக்கு ஒதுங்கத் தெரியாது, உருண்டது. ரோட்டுக்குப் போனது. பஸ் ஒன்று அதன்மேல் ஏறிப் போனது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. சவாரி வில்பிரட்டுக்குப் போனது. தலைவர் மூன்றாவது ஆப்சென்ட் போட்டார்.

பேபி திரும்பி வந்தபோது விஷயத்தைச் சொன்னார்கள். சட்டம் சட்டம்தான், ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் அன்புவை அழைத்துவந்து இடத்தை எழுதிக் கொடுத்துவிடச் சொன்னார் யேசுதாசன் அண்ணன். அவர் குரலில் கோபம் ஒன்றும் இல்லை. எதிர்க் கடையில் பென்னி டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு டீ சொன்னான்.

இடம் போனால் பேபி மறுபடியும் சமையலுக்குத்தான் போக வேண்டும். வண்டியை லோன்காரர்கள் எடுத்துக்கொண்டு போவார்கள். இது எல்லோருக்கும் தெரியும்.

"கொடம் எங்கண்ணா?" என்றுதான் பேபி கேட்டாள்.

கைகாட்டினார்கள். அவள் போய் நசுங்கியதையும் உடைந்த துண்டுகளையும் பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

"ஒரு கொடந்தான, வாங்கிக் குட்த்துர்றேன் உடு" என்றார் யேசுதாசன் அண்ணன்.

"எனக்கு இன்னாத்துக்குண்ணா? இது எங்கொடம் இல்ல."

யாருடையது என்று அவர் கேட்டார். பேபி துண்டுகளை டிக்கியில் போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

எனக்குத் தெரியும். ஒரு துண்டில் சிவப்பு நெயில் பாலிஷில் 'ஹி' என்று எழுதியிருந்தது. எங்கள் தெருவில் ஒரே ஒரு ஹில்டா அக்காதான். யேசுதாசன் அண்ணனின் மனைவி. பேபி வீட்டில் சொந்தமாக ஐந்து குடம் இருக்கிறது. காலையில் கைக்கு எது வந்ததோ அதை எடுத்துப் போட்டேன் என்று பிறகு என்னிடம் சொன்னாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஹில்டா அக்கா சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் பாகங்களைத் துடைத்து அடுக்குகிற வேலை செய்கிறார். கம்பெனி பஸ் விடிந்தவுடன் வந்துவிடும். லாரி ஒன்பது மணிக்குத்தான் வரும். அதனால் ஹில்டா அக்கா தன் குடங்களைப் பேபி வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார். பேபி பிடித்து அவர் வீட்டுக்குள் கொண்டுபோய் வைப்பாள். கார் ஓட்ட வந்த பிறகும் அதை முடித்துவிட்டுத்தான் ஸ்டாண்டுக்கு வருவாள். தினமும் அவள் வரிசையில் கடைசியாக நின்றதற்கு அதுதான் காரணம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து மீட்டிங் கூடியது. அன்பு இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு வந்து நின்றான், உட்காரவில்லை. பென்னி புதுச் சட்டையும் ஒரு ஸ்வீட் பாக்சுமாக வந்திருந்தான். பேபி தன் கட்டத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அதன்மேல் சாய்ந்துகொண்டிருந்தாள். எனக்கு அன்று கடை கிடையாது, ஆனாலும் ஒரு ஜாக்கெட் பாக்கி இருந்ததால் வந்திருந்தேன்.

ஹில்டா அக்கா சர்ச் புடவையோடு வந்தார். கையில், பேபி பொறுக்கிக்கொண்டு போயிருந்த உடைந்த குடம்.

"இந்தாய்யா" என்றார் புருஷனிடம். "இது நம்ம வூட்டுக் கொடம்."

"நம்மளுதா?"

"எழுதிகீது பாரு. வக்கீலுக்குப் படிச்சவன் மாரி சட்டம் படிக்கிறியே, இத்தப் படி."

யேசுதாசன் அண்ணன் படித்தார்.

"நம்ம வூட்ல தண்ணி எப்டி வருதுன்னு தெரியுமா உனக்கு?"

"ஹவுஸ் ஓனர் மோட்டார் போட்றாரு."

"அது உப்புத் தண்ணி. பாத்ரூமுக்கு. நீ குடிக்கிற தண்ணிக்கு மோட்டாரு தோ சாஞ்சிகினு நிக்குது பாரு. பேரு பேபி."

ஒருவரும் சிரிக்கவில்லை. வில்பிரட்டுக்குச் சிரிப்பு வந்தது, மச்சானின் ஸ்வீட் பாக்சைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

தலைவர் யோசித்துவிட்டு, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தண்ணீர் வேறு, ஸ்டாண்டு வேறு என்றார். ஹில்டா அக்கா ஒத்துக்கொண்டார். சம்பந்தமே இல்லைதான் என்றார். பேபி இனிமேல் சமையல் வேலைக்குப் போனால் ஏழு மணிக்கே போய்விடுவாள், லாரிக்கு நிற்க முடியாது. தனக்கும் கம்பெனி பஸ் இருக்கிறது. வீட்டில் வேறு ஆள் கிடையாது. அதனால் நாளை முதல் ஒன்பது மணிக்கு அவரே மாடம்பாக்கம் வந்து தண்ணீர் பிடித்து வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் விஷயம் என்று முடித்தார்.

ஒன்பது மணி ஸ்டாண்டுக்கு முக்கியமான நேரம். ஆஸ்பத்திரி சவாரி, ஏர்போர்ட் சவாரி எல்லாம் அப்போதுதான் வரும். தலைவர் தினமும் முதல் ஆளாக வந்து நிற்பவர். அவர் மனதுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. ஒரு ஆப்சென்ட், இரண்டு ஆப்சென்ட், புதன்கிழமைக்குள் மூன்று.

"ஒம்போது மணிக்கா?" என்றார்.

"ஒம்போதுக்கு. சில நாளு பத்தாவும்."

"அப்ப என் டர்னு?"

ஹில்டா அக்கா உடைந்த குடத்தை அவர் கையில் கொடுத்தார்.

"கொடம் வெச்சிட்டு வா."

பஸ்கள் போயின. அன்புவுக்கு இடுப்பு வலித்திருக்க வேண்டும், மரத்தைப் பிடித்துக்கொண்டான். பேபி புருஷனையும் பார்க்கவில்லை, தலைவரையும் பார்க்கவில்லை. கார் கண்ணாடியில் இருந்த பறவை எச்சத்தை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

யேசுதாசன் அண்ணன் தொண்டையைக் கனைத்தார். சட்டத்தை எழுதியபோது சில விஷயங்கள் தெளிவாக எழுதப்படவில்லை என்றார். வண்டி என்பது என்ன என்று எங்கேயும் சொல்லப்படவில்லை என்றார். குடம் வைத்துவிட்டுப் போனால் ஆள் இருப்பதாகத்தான் கொள்ள வேண்டும்; டர்ன் வந்தால் அடுத்த வண்டி போகட்டும், குடம் அங்கேயே முதலில் நிற்கட்டும்; செவ்வாய்க்கிழமை போட்ட ஆப்சென்ட் செல்லாது என்றார். இதை எல்லோருடைய நன்மையையும் உத்தேசித்துச் சொல்வதாகவும் சொன்னார். யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று கேட்டார். ஆட்சேபனை பென்னிக்கு மட்டும் இருந்திருக்கும், அவன் உறுப்பினர் இல்லை.

பென்னி ஸ்வீட் பாக்சை என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றான். "குட்றா மச்சான், வாங்கினது வாங்கிட்ட" என்று வில்பிரட் வாங்கிப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தான். எனக்கும் ஒரு லட்டு வந்தது. பேபி எடுத்துக்கொண்டு பென்னிக்கு நன்றி சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் ஸ்டாண்டு குழம்பிப் போனது. சட்டம் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. வில்பிரட் ஸ்டெப்னி டயரை வைத்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனான். இன்னொருவர் சீட் குஷனை வைத்துவிட்டு மாமியாரைப் பார்க்கப் போனார். ஸ்ரீநிவாசராகவன் சார் ஒரு நாள் பெட்டியோடு ஏர்போர்ட் போக வந்தபோது, ஒரு குடம், ஒரு டயர், ஒரு குஷன், ஒரு ஜாக்கி, எலுமிச்சம்பழம் கட்டிய ஒரு பம்பர் இவைதான் வரிசையாக நின்றன. அவர் ஒவ்வொன்றின் பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு, கடைசியாக என்னிடம் வந்து, கார் ஸ்டாண்டு இடம் மாறிவிட்டதா என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். நல்ல வேளையாகப் பேபி சார்ஜ் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். வண்டி பக்கத்தில் வந்து நின்றும் அவருக்குத் தெரியவில்லை. "சார், ஏறுங்க" என்றதும் துள்ளி விழுந்தார்.

அன்று சாயங்காலமே சட்டம் திருத்தப்பட்டது. குடம் மட்டும்தான் செல்லும். காரணம் இரண்டுதான்: சார்ஜ் அல்லது தண்ணீர். சாப்பாடு காரணம் இல்லை, மாமியார் காரணம் இல்லை.

கட்டங்களுக்கு மேலே தொங்குகிற பலகையில் அன்பு என்ற பெயரை அழித்துவிட்டு வில்பிரட் பேபி என்று எழுதினான். மாதம் முடிந்தது. அடுத்த மாதமும் முடிந்தது. பேபி இப்போது காலையில் முதலில் வருகிறாள், ஏர்போர்ட் சவாரி அவளுக்கு நன்றாகக் கிடைக்கிறது. ஒன்பது மணிக்கு யேசுதாசன் அண்ணன் தன் வண்டி நிற்கிற கட்டத்தில் ஒரு சிவப்புக் குடத்தை வைத்துவிட்டு, வண்டியையும் எடுத்துக்கொண்டு மாடம்பாக்கம் போகிறார். இரண்டு வீட்டுக்கும் அவரே பிடிக்கிறார். எங்கள் தெருப் பெண்கள் ஆரம்பத்தில் அவரைப் பார்த்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். இப்போது அவர் குடத்தையும் காலால் தள்ளி முன்னால் விடுகிறார்கள். டீசலைக் கொளுத்திக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போகிற ஆள் இந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான் என்று வில்பிரட் சொல்கிறான். அவர் வண்டிக்கு அடுத்த வருஷம் எஃப்.சி. வருகிறது. அதைப் பற்றி யாரும் அவரிடம் கேட்பதில்லை.

போன வாரம் ஒரு நாள் மத்தியானம் பேபி சார்ஜ் போடப் போயிருந்தாள். வரிசையில் அவள் குடம் மூன்றாவதாக நின்றது, யேசுதாசன் அண்ணன் நாலாவது. முதல் வண்டி சவாரி போனது. அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு இறங்கிப் போய், குடத்தைக் காலால் மெதுவாகத் தள்ளி இரண்டாவது கட்டத்தில் விட்டுவிட்டு, தன் வண்டியையும் ஒரு கட்டம் நகர்த்தினார். மறுபடியும் பேப்பரைப் பிரித்தார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவுக்கு வருகிற தண்ணீர் லாரி அந்த வழியாக வந்தது. குடத்தைப் பார்த்ததும் டிரைவர் பிரேக் போட்டார். எட்டிப் பார்த்தவர் யேசுதாசன் அண்ணனை அடையாளம் தெரிந்துகொண்டார்.

"இன்னாண்ணா, காலைல புட்ச்சது பத்தலியா? இங்கயும் வெச்சிகினு நிக்கிற?"

யேசுதாசன் அண்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அது கொடம் இல்லப்பா" என்றார். "காரு. நீ போ."